கரண்ட் திரும்ப வந்தால்

பயப்படுவதில் என் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. பல்லிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், தெருவைக் கடக்கப் பயம். ஊசி போட்டுக்கொள்ளப் பயம், போட்டுக்கொள்ளாமல் விட்டால் என்ன ஆகுமோ என்று அதற்கும் பயம். சின்ன வயதிலேயே அவளுக்குத் தொடைநடுங்கி என்று பேர் வைத்துவிட்டேன். எங்கள் அம்மா கூட அவசரத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டதுண்டு.

அவள் மரவேலைக்கு வந்ததே பயத்தால்தான். கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஒரு மேசை இருந்தது. குறுகலான அறை, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மேசையின் முனை அவள் இடுப்பில் இடிக்கும். இடித்த இடம் கன்றிப் போகும். நாளாக ஆக அந்த மேசையைக் கண்டாலே வயிற்றை எக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கி வந்து, உட்கார்ந்து, நாலு முனையையும் மழமழவென்று உருட்டிவிட்டாள். அடுத்து அலமாரித் தட்டு. அப்புறம் முக்காலி, அப்புறம் ஜன்னல் பலகை. பஸ் டிப்போவில் டயர் பார்க்கிற வேலையிலிருக்கும் அத்தான், "நல்லவேளை, என் தலை ஏற்கெனவே உருண்டை" என்பார்.

பிறகு படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் விளிம்பு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டாள். வெறுமனே உருட்டுவது ஒன்று, அலை மாதிரி ஏறி இறங்கச் செய்வது ஒன்று, சாய்வாகச் சீவி ஓரத்தில் ஒரு மெல்லிய பள்ளம் விடுவது ஒன்று. கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகனிடம் போனபோது, தன் பழைய ரவுட்டர் மெஷினை அக்காவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, நானும் அவர்களோடு இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறை அவளுடைய பட்டறை. கைக்கடிகாரப் பெட்டிகள், கண்ணாடிச் சட்டங்கள், தட்டுகள், வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைகள், எல்லாம் சின்னச் சின்னச் சாமான்கள். அவள் செய்த பெட்டியின் மேல் விரலை ஓட்டினால் மேல்பக்கம் எங்கே முடிகிறது, பக்கவாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று விரலுக்குத் தெரியாது.

ரவுட்டர் என்றதும் இன்டர்நெட் பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மரத்தின் ஓரத்தைச் செதுக்குகிற மெஷின். அடியில் பிட் என்று ஒரு கத்தி இருக்கும். அது சுற்றுகிற வேகத்தில் கத்தி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. பலகையின் ஓரமாக ஓட்டிக்கொண்டு போனால் பிட்டின் வடிவம் அப்படியே விளிம்பில் இறங்கிவிடும். அக்காவிடம் வந்து சேர்ந்தது கதவுக்கும் ஜன்னலுக்கும் செய்த பெரிய மெஷின். உள்ளங்கை அகல மூடிக்கு விளிம்பு போட அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். அத்தான் அதற்குத் தடியன் என்று பேர் வைத்தார்.

தொடைநடுங்கியும் தடியனும் எப்படி ஒத்துப்போனார்கள் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அதற்குப் பயந்துகொண்டேதான் போட்டாள். தலைமுடியை இறுக்கிக் கட்டித் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றி, பிட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் பார்த்து, அதற்கப்புறம்தான் சுவிட்சில் விரல் போகும். ஒரு தடவை நான் பின்னாலிருந்து "டீ வேணுமா?" என்று கேட்டேன். அவள் துள்ளிய துள்ளலில் கையிலிருந்த மூடி எகிறிப்போய்ச் சுவரில் அடித்து இரண்டாகப் போனது. அன்றைக்கே கடைக்குப் போய்ப் பெரிய தாழ்ப்பாள் ஒன்று வாங்கிவந்து பட்டறைக் கதவின் உட்பக்கத்தில் மாட்டிவிட்டாள். சாதாரணமாக மாட்டவில்லை. விரல் நீளத் திருகாணிகள்.

"நான் என்ன புலியா, கரடியா?" என்று சண்டை போட்டேன்.

"நீ கத்தினா எனக்கு உயிர் போகுது. மெஷின் ஓடுறப்போ உயிர் போனா கையும் சேர்ந்து போகும்" என்றாள்.

அப்புறம் அவளே ஒரு வழி செய்தாள். பட்டறைக்குள்ளே, அவள் வேலை செய்யும் மேசைக்கு எதிரே சிவப்பு பல்பு ஒன்று. அதற்கான சுவிட்ச் கதவுக்கு வெளியே. விட்டு விட்டு எரிந்தால் சாப்பாடு தயார். நின்று எரிந்தால் யாரோ வந்திருக்கிறார்கள். கையிலிருக்கிற விளிம்பை முடித்து, மெஷினை நிறுத்தி, தரையில் காலால் தட்டி, "வரேன்" என்று குரல் கொடுப்பாள். எங்கள் வீட்டில் அக்காவை யாரும் கூப்பிடுவதில்லை. பல்பைப் போடுவோம்.

இன்னொரு பழக்கமும் வந்து சேர்ந்தது. தடியன் கிளம்பும்போது ஒரு உதறு உதறி ஒரேயடியாகக் கரண்டை இழுப்பான். முன்னறையிலிருந்து பட்டறைக்குப் போகும் வழிநடையில் இருக்கும் மெயின் சுவிட்ச் டப்பென்று விழுந்துவிடும். ஆரம்பத்தில் அக்கா உள்ளேயிருந்து மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டு "போடு!" என்று குரல் கொடுப்பாள்; அதற்கப்புறம்தான் நாங்கள் மெயினை ஏற்றுவோம். ஏனென்றால் மெஷின் சுவிட்ச் போட்டபடியே இருந்து கரண்ட் திரும்பி வந்தால், அது தானாக ஓட ஆரம்பித்துவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் ஒரு நாளும் அணைக்க மறந்ததில்லை. அதனால் போகப் போக நாங்கள் அந்தக் குரலுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டோம். மெயின் விழுந்தால் அந்தப் பக்கம் போகிறவர் கை தானாக மேலே போகும். "எழுந்திரு ராசா" என்று சொல்லியபடி அத்தான் ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அன்றைக்குப் பிற்பகல். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் தன் கடைக்குப் பெட்டிகள் கேட்டிருந்தார். மூடிகளுக்கு அலை விளிம்பு. அக்கா உள்ளே இருந்தாள். நான் முன்னறையில் ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றித் தைத்துக்கொண்டிருந்தேன். தையல்தான் எனக்குப் பிழைப்பு. தடியன் ஓடுகிற சத்தம் எனக்குப் பாடம். மரத்துக்குள் இருக்கும்போது கரகரவென்று உறுமும். மரத்தை விட்டு வெளியே வந்ததும் கீச்சென்று அலறும். அந்த அலறல் கொஞ்ச நேரம்தான், உடனே அக்கா அணைத்துவிடுவாள்.

உறுமல் முடிந்து அலறல் வந்தது. அது நிற்கவில்லை.

அடுத்த மூடியை எடுக்கிறாளோ என்று நினைத்தேன். ஜிப்பின் ஒரு பக்கத்தைத் தைத்து முடித்தேன். அலறல் அப்படியே இருந்தது. மெஷினை ஓடவிட்டுக்கொண்டு அடுத்த மரத்தைத் தேடுகிறவள் இல்லை அவள்.  எழுந்து போய் பல்பைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன். காலால் தட்டும் சத்தம் இல்லை. எங்கள் வீட்டு விதியை மீறிக் கதவைத் தட்டினேன். பிறகு இடித்தேன். "அக்கா! அக்கா!" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை.

தரையில் படுத்துக் கதவின் அடி இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் கால்கள் தெரிந்தன. கதவுக்கு மிகப் பக்கத்தில், என் முகத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தன. விரல்கள் தரையைக் கவ்விப் பிடித்திருந்தன. நான் கதவை இடித்தும் அந்தக் கால்கள் அசையவில்லை. உயிரோடு நிற்கிறாள், ஆனால் பதில் சொல்லவில்லை. துணி சிக்கிக்கொண்டதா, கை சிக்கிக்கொண்டதா? ரத்தம் தெரிகிறதா என்று தரையைப் பார்த்தேன். மரத்தூள்தான் தெரிந்தது. அதற்காகச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. எழுந்து ஓடி மெயினை இறக்கினேன்.

என் தையல் மெஷின் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாகச் செத்தன. அலறல் மெல்ல மெல்ல இறங்கி நின்றது. வீடு அவ்வளவு அமைதியாகி நான் பார்த்ததில்லை.

"அக்கா?"

 ஓடிவந்து மறுபடியும் தரையில் படுத்தேன். இப்போது கால்களைக் காணோம். மேசைப் பக்கத்தில் அவள் துணியின் ஓரம் தரையில் கிடந்தது. உட்கார்ந்திருக்கிறாளா, விழுந்துகிடக்கிறாளா, தெரியவில்லை. "அக்கா, ஒரு வார்த்தை சொல்லு. தட்டவாவது செய்." 

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். டிப்போவில் அரை நாள் வேலை முடிந்து, கையில் காய்கறிப் பையோடு. ஃபேன் நின்றிருப்பதைப் பார்த்தார், மெயினைப் பார்த்தார். வழிநடையின் அந்தக் கோடியில் நான் தரையில் படுத்திருந்தது வெயிலிலிருந்து வந்த அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"இழுத்துட்டானா தடியன்? எழுந்திரு ராசா" என்றார். கை மேலே போனது.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.  டப்பென்ற சத்தத்துக்கு அப்புறம்தான் என் குரல் வந்தது.

உள்ளே தடியன் அலறினான். ஏதோ கனமாகத் தரையில் விழுந்தது. விழுந்தும் நிற்கவில்லை. தரையைக் கடித்துக்கொண்டு, முக்காலியை அடித்துத் தள்ளிக்கொண்டு, சுவருக்கும் சுவருக்குமாக ஓடியது. மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. அக்கா கத்தினாள். ஒரே ஒரு தடவைதான் கத்தினாள். கதவின் அடியில் நீலமாக ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. மெயின் தானாக விழுந்தது. கருகிய ரப்பர் வாடை வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

அத்தான் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன... அவ சுவிட்சை அணைக்கலையா?" என்றார். பை கையிலிருந்து நழுவித் தக்காளிகள் வழிநடை முழுக்க உருண்டன. அவற்றை மிதித்துக்கொண்டு ஓடிவந்து கதவைத் தோளால் இடித்தார். கதவு அசைந்துகொடுக்கவில்லை. என் அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லையே. விரல் நீளத் திருகாணிகள். பயத்துக்கு என்று போட்ட தாழ்ப்பாள், எங்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. அத்தான் மறுபடியும் இடித்தார், மறுபடியும். கடைசியில் நிலைச்சட்டத்தில் ஒரு விரிசல் விட்டது.

"உடைக்காதீங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நிலை பேந்துடும். நல்ல மரம்."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் மெதுவாகக் கேட்டது. கதவு திறந்தபோது அக்கா பேயறைந்த மாதிரி நின்றாள். தலையெல்லாம் மரத்தூள். அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். கடைசி விரல்வரை பார்த்தபின் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நடந்ததை அவள் அன்று சாயங்காலம்தான் சொன்னாள். மூடியின் விளிம்பு முடிந்ததும் அணைத்திருக்கிறாள். அணையவில்லை. பல நாள் தூள் உள்ளே போய் சுவிட்ச் இறுகிவிட்டது. ஓடுகிற மெஷினைக் கீழே வைக்க முடியாது, பிட் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். ப்ளக் கதவோரச் சுவரில். மெஷினைச் சுமந்துகொண்டு கதவுவரை வந்துவிட்டாள். ஆனால் ப்ளக்கைப் பிடுங்கவும் தாழ்ப்பாளை இழுக்கவும் ஒரு கை வேண்டும். தடியனை ஒரு கையில் தாங்க யாராலும் முடியாது. நான் இடித்தது அவளுக்குக் கேட்டது. பல்பு எரிந்து அணைந்ததும் தெரிந்தது. அவள் எவ்வளவு கத்தியும் என் காதில் விழவில்லை. அதற்கப்புறம் கத்துவதை நிறுத்திவிட்டாள், கத்தினால் கை ஆடுகிறது என்று. கரண்ட் போனதும் மெஷினைக் கொண்டுபோய் மேசைமேல் சாய்த்து வைத்தாள். ப்ளக்கைப் பிடுங்கத் திரும்புவதற்குள் கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள். நான் கூப்பிட்டபோது பேச்சு வரவில்லை. பிறகு அது தானாக எழுந்தது. மேசையிலிருந்து குதித்து அவளை நோக்கி வந்தது. அவள் மேசைமேல் ஏறிக்கொண்டாள். தரையெல்லாம் சுற்றிச் சுற்றி, தன் வயரைத் தானே அறுத்துக்கொண்டு செத்தது.

"யாரு போட்டது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்" என்றார் அத்தான்.

 திட்டியிருந்தால் அவர் தேறியிருப்பார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பயப்படுகிறவர்கள் கூடிப்போனார்கள். அத்தான் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. இருட்டிய பிறகு வந்தால் யாராவது விளக்குப் போடும்வரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். எனக்கோ, தையல் மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கை கால் ஓடுவதில்லை. அக்கா பட்டறையைச் சாத்திவிட்டாள். மீதிப் பெட்டிகளைக் கடிகாரக்காரர் கேட்டு ஆளனுப்பியபோது, சமையலறையில் உட்கார்ந்து மூடிகளை உப்புத்தாளால் தேய்த்தாள். விரல் நுனித் தோல் உரிந்ததுதான் மிச்சம். அலை வரவில்லை, ஏதோ தேய்ந்துபோன சோப்பு மாதிரி இருந்தன. ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள்.

ஒரு நாள், "இனிமே வேண்டாம்னு சொல்லிடலாம். எனக்கு ஆகாது" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. இவள் உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயந்து ஒதுங்கியவள். பயந்துகொண்டே போய்ப் பிடித்த ஒன்று அந்தப் பட்டறை மட்டும்தான். அதையும் விட்டால் மறுபடியும் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோரமாக நடப்பவளாக ஆகிவிடுவாள். அப்படி ஆகிவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். என் வாய் சும்மா இருக்குமா? "தொடைநடுங்கின்னு சரியாத்தான் பேர் வச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. மூடியைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "ஓடுற மெஷினுக்கு எனக்குப் பயம் இல்லடி. அது என்ன செய்யும்னு தெரியும். நின்ன மெஷினுக்குத்தான் பயம். நின்னுடுச்சுன்னு நம்பிக் கையை எடுக்கிறேன் பாரு, அங்கதான்."

"நின்னா நின்னபடியே இருக்கிற மெஷின் இருக்கா?"

"தெரியல. போய்க் கேக்கணும்" என்றாள். பின்னாலிருந்து அத்தான், "நானும் வரேன்" என்றார்.

மெஷின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. கடைக்காரர் பேச்சுக்காரர். அக்காவைப் பார்த்ததும் பெரிய மெஷினாக எடுத்துக் கல்லா மேசைமேல் வைத்தார். "பவர்னா இதுதான் பவர். கதவு, கட்டில், எது வேணாலும் செய்யலாம்."

"எனக்குச் சின்னப் பெட்டிதான். ஓரத்துக்கு மட்டும்" என்றாள் அக்கா. அதைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை.

அவர் நடுத்தர அளவில் ஒன்றை வைத்தார். அக்கா அதை ஒரு கையில் பிடித்தாள். பிடித்த கையை எடுக்காமல் சுவிட்சுக்கு விரல் எட்டுகிறதா என்று பார்த்தாள். எட்டவில்லை, தள்ளி வைத்தாள். அடுத்ததில் விரல் எட்டியது, ஆனால் போட்டதும் கையை உதறியது. அது தடியனின் தம்பி. அதற்கடுத்தது கச்சிதமாக இருந்தது, மெதுவாகக் கிளம்பி வேகம் பிடித்தது. அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்போதுதான் கேட்டாள்:

"ஓடிட்டிருக்கும்போது கரண்ட் போய்த் திரும்ப வந்தா, இது தானா ஓடுமா?"

கடைக்காரர் சிரித்தார். "கரண்ட் வந்தா ஓடத்தானேம்மா செய்யணும்? அதுக்குத்தானே கரண்டு!" பக்கத்தில் ஆணி வாங்கிக்கொண்டிருந்தவரும் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "பார்க்கணும். பிட் இல்லாமப் போட்டுக் காட்டுங்க. சுவர் சுவிட்சை அணைச்சு, திரும்பப் போடணும்" என்றாள். பிறகு திரும்பி, "ஏங்க, நீங்க போடுங்க" என்றாள் அத்தானிடம்.

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வேண்டாம். அவரே போடட்டும்."

"இல்ல. நீங்கதான்."

சுவிட்ச் சுவரில் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் போய் நின்றார். கடைக்காரர் மெஷினை ஓடவிட்டார். அத்தான் அணைத்தார். மெஷின் நின்றது. கடைக்காரர் அதை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "பார்த்தீங்களா, நின்னாச்சு" என்றார். அத்தானின் விரல் சுவிட்சின் மேலேயே நின்றது. அக்கா தலையசைத்தாள். போட்டார்.

மெஷின் சீறிக்கொண்டு எழுந்து மேசையில் புரண்டது. கடைக்காரர் "ஐயையோ!" என்று பின்னால் தாவி ஆணி டப்பாக்களில் போய் மோதினார். அத்தான் உடனே அணைத்துவிட்டார், ஆனால் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். ஆணி வாங்க வந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வாசல்வரை போய்விட்டார்.

"பிட் இருந்திருந்தா?" என்றாள் அக்கா. 

அடுத்ததும் எழுந்தது. அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் நாங்கள் எல்லோரும் ஓரடி பின்னால் போனோம். அத்தானின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "போதும், வீட்டுக்குப் போயிடலாம்" என்று நானே சொல்லிவிட்டேன். அக்கா நகரவில்லை. கடைக்காரர் பரண்மேல் ஏறி, தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். சின்ன மெஷின், ஒரு கைக்கு அடங்குவது. அடித்தட்டு கண்ணாடி மாதிரி, பிட் எங்கே வெட்டுகிறது என்று பார்க்கலாம். ஓடவிட்டார்கள். அத்தான் அணைத்தார். போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. மெஷினின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மினுக்கியது. அதன் சுவிட்ச் போட்டபடியேதான் இருந்தது, ஆனாலும் அது எழவில்லை. கடைக்காரர் குனிந்து பார்த்தார். சுவிட்சை அணைத்து, திரும்பப் போட்டால்தான் ஓடியது.

"இன்னொரு தடவை" என்றாள் அக்கா. அத்தான் அணைத்துப் போட்டார். "இன்னொரு தடவை." அவர் அணைத்தார், போட்டார், அணைத்தார், போட்டார். மெஷின் அசையவில்லை. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. போகப் போக அவர் தயங்குவது குறைந்தது. ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. கடைக்காரர் பாவம், எதுவும் புரியாமல் எங்களுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து, இந்த முறை பிட் மாட்டி, பட்டறை மேசையில் இன்னொரு பரீட்சை. கதவு திறந்திருந்தது. அத்தான் மெயின் பக்கம், நான் நடுவில், அக்கா மெஷினோடு உள்ளே. ஓடும்போது மெயினை இறக்கினார். மெஷின் நின்றது. அவள் அதை மேசையில் வைத்தாள். சுவிட்சை அணைக்கவில்லை. 

"போடுங்க" என்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு."

"தள்ளித்தான் நிக்கிறேன். போடுங்க."

டப். ஃபிரிட்ஜ் முனகியது. முன்னறையில் ஃபேன் சுற்றத் தொடங்கியது. பட்டறையில் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. அக்கா மெதுவாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மறுநாளே வேலையில் இறங்கினாள். சின்னத் துண்டை எடுத்து ஓரம் போடுவதையும் நிறுத்திவிட்டாள். சின்னத் துண்டைப் பிடித்தால் விரல் பிட்டுக்குக் கிட்டே போகும். அகலப் பலகையை மேசையோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் ஓரத்தில் அலையை இறக்கி, பிறகு அதிலிருந்து சின்னதாக அறுத்து எடுத்துக்கொண்டாள். புது மெஷினின் சத்தம் சின்னது. முன்னறையிலிருந்து நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உறுமும், கொஞ்சம் கீச்சிடும், நிற்கும்.

முதலில் கடிகாரப் பெட்டி என்றுதான் நினைத்தேன். வெளியே வந்தது வேறு. செருப்புப் பெட்டி அளவில் ஒரு மரக்கூடு. சுற்றிலும் அலை விளிம்பு. அதுவரை அவள் செய்ததிலேயே அழகானது அதுதான். நேராக வழிநடைக்குக் கொண்டுபோய் மெயின் சுவிட்சை மூடி மாட்டினாள். மேல்பக்கம் விரல் நுழைய ஒரு துவாரம் விட்டிருந்தாள். அவசரம் என்றால் அது வழியாகச் சுவிட்சைத் தள்ளிக் கீழே இறக்கலாம். ஏற்ற மட்டும் முடியாது. ஏற்ற வேண்டுமென்றால் கூட்டைத் திறக்க வேண்டும்.

பிறகு திருப்புளியோடு போய், பட்டறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினாள். அதே தாழ்ப்பாளைக் கூட்டின் மூடியில் மாட்டினாள். கதவிலிருந்த துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாள். கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்கத் தடியனைக் கொண்டுபோய் முட்டுக் கொடுத்தாள். அவன் உருப்படியாகச் செய்கிற வேலை இப்போது அது ஒன்றுதான்.

அவள் பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போதும் பிட்டை மறுபடி மறுபடி இறுக்கிப் பார்க்கிறாள். நான் இப்போதும் பல்பைத்தான் போடுகிறேன். தெருவைக் கடக்க என் கையைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.

போன வாரம் நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது இஸ்திரிப் பெட்டி புகைந்து மெயின் விழுந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு வருவதற்குள் அத்தான் வெளியிலிருந்து வந்துவிட்டார். பழைய பழக்கம், கை தானாக மேலே போனது. விரல்கள் அலை விளிம்பில் பட்டன. அப்படியே நின்றார்.

"உள்ள இருக்கியா?" என்று பட்டறையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"இங்க சமையக்கட்டுல இருக்கேன். போடுங்க" என்றாள் அக்கா.

அவர் போடவில்லை. சமையலறைக்குப் போய், மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் தாழ்ப்பாளை இழுத்தார்.